சனிப் பிணம் தனிப் போகாது

இந்த உரையை நடத்தும் அறக்கட்டளையின் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருப்பதாக என்னை அழைக்க வந்த நண்பர் சொன்னார். சட்டத்தைப் பற்றித்தான் பேச வேண்டுமாம். ஆனால் சட்டம் படிக்காதவர் பாதியில் எழுந்து போய்விடாதபடி பேச வேண்டுமாம். முதலாவது எனக்குப் பழகிய வேலை. இரண்டாவதற்கு என் அப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன்.

அப்பா தந்தி ஆபீசில் வேலை பார்த்தார். எந்திரத்திலிருந்து ரிப்பன் போல நீண்டு வரும் காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து, பின்பக்கம் ஈரம் தொட்டு, படிவத்தில் வரி வரியாக ஒட்டுவார். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. அதனால் கவுண்ட்டரில் நிற்பவர்கள் எழுதுவார்கள், அடிப்பார்கள், விரல் விட்டு எண்ணுவார்கள், மறுபடி ஒரு சொல்லை அடிப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன். மனசில் இருப்பதை நாலு சொல்லுக்குள் கொண்டுவருவதற்குள் சிலருக்கு வியர்த்துவிடும். தந்திக்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினால் போதும், யார் வீடு என்று தெரியுமுன்பே யாராவது அழத் தொடங்கிவிடுவார்கள். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தியே நின்றுபோனது. இங்கே இருக்கும் மாணவர்களில் பலர் ஒரு தந்தியைக் கையில் தொட்டிருக்க மாட்டீர்கள்.

இன்று நான் சொல்ல வந்தது சுமார் 4,50,000 தந்திகளின் கதை. 1973 அக்டோபர் 20, சனிக்கிழமை இரவு வாஷிங்டனில் ஒருவர் வேலையை விட்டுத் தூக்கப்பட்டார். அந்த இரவு தொடங்கிப் பத்து நாட்களில் அமெரிக்கர்கள் வெள்ளை மாளிகைக்கும் தங்கள் நாடாளுமன்றத்துக்கும் அனுப்பிய தந்திகளின் கணக்கு அது. (அங்கே அதற்குக் காங்கிரஸ் என்று பெயர். நமக்குக் கட்சி ஞாபகம் வந்து குழப்பும் என்பதால் நாடாளுமன்றம் என்றே சொல்கிறேன்.)

வேலை போனவர் பெயர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ். ஹார்வர்டு சட்டப் பேராசிரியர், அறுபத்தொரு வயது, ஒட்ட வெட்டிய தலைமுடி, கழுத்தில் வில் போல முடிந்த டை. கென்னடி காலத்தில் அரசின் சார்பில் உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய சொலிசிட்டர் ஜெனரல். இதில் ஒரு சுவையான விஷயம், 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன் என்ற அதிபர்மீது பதவிநீக்க விசாரணை நடந்தபோது அவருக்காக வாதாடி மீட்டவர்களில் ஒருவரான வில்லியம் எவர்ட்ஸ், காக்ஸின் கொள்ளுத் தாத்தா. அதிபர்களைக் காப்பாற்றிய வம்சம் என்றுகூடச் சொல்லலாம்.

வாட்டர்கேட் உங்களுக்குத் தெரிந்த கதைதான், வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1972 ஜூன் 17, எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் கையும் களவுமாகப் பிடிபட்டார்கள். பின்னணியில் அதிபர் நிக்ஸனின் ஆட்கள் இருப்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. அதற்கிடையில் தேர்தல் வந்தது. 50 மாநிலங்களில் 49ஐ நிக்ஸன் அள்ளிக்கொண்டார். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1973 மே மாதம் நிக்ஸன் ஒரு புதிய அட்டர்னி ஜெனரலை நியமித்தார். அமெரிக்காவில் அந்தப் பதவியில் இருப்பவர்தான் நீதித்துறை அமைச்சரும்; எஃப்.பி.ஐ. அவருக்குக் கீழே வரும். வந்தவர் எலியட் ரிச்சர்ட்ஸன், ஹார்வர்டில் காக்ஸிடம் படித்தவர். செனட் அவரைச் சும்மா உள்ளே விடவில்லை. இந்த வழக்கை விசாரிக்கத் தனியாக ஒரு சிறப்பு அரசு வழக்குரைஞரைப் போடு, அவரை நினைத்தபோது தூக்க மாட்டேன் என்று எழுதிக் கொடு என்றது. ரிச்சர்ட்ஸன் எழுதிக் கொடுத்தார். மிகப் பெரிய முறைகேடு செய்தால் தவிர அவரை நீக்க முடியாது என்பது துறை விதியாகவே வந்தது. அந்த நாற்காலியில் தன் பழைய வாத்தியாரையே உட்கார வைத்தார் மாணவர்.

ஜூலை 16 அன்று அலெக்ஸாண்டர் பட்டர்ஃபீல்டு என்பவர் வாட்டர்கேட்டை விசாரித்த செனட் குழுவின் முன்னால், அதிபரின் அறையில் நடக்கும் பேச்சையெல்லாம் ஒலிநாடா பதிவு செய்கிறது என்று போட்டு உடைத்தார். யார் பொய் சொன்னார், யார் மறைத்தார் என்ற வாதமெல்லாம் அன்றோடு முடிந்தது. நாடாவைப் போட்டுக் கேட்டால் தீர்ந்தது. காக்ஸ் 9 பேச்சுகளின் நாடாக்களைக் கேட்டு சம்மன் அனுப்பினார். நிக்ஸன் மறுத்தார். கீழ் நீதிமன்ற நீதிபதி ஜான் சிரிக்கா கொடுக்கச் சொன்னார். அக்டோபர் 12 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது.

அப்போது வெள்ளை மாளிகை ஒரு சமரசத்தோடு வந்தது. நாடாவை யாருக்கும் தர மாட்டோம். எழுத்தில் சுருக்கித் தருவோம். ஜான் ஸ்டென்னிஸ் என்ற மூத்த செனட்டர் நாடாவைக் கேட்டுப் பார்த்து, சுருக்கம் சரிதான் என்று சான்று சொல்வார். ஸ்டென்னிஸுக்கு 72 வயது. காது சரியாகக் கேட்காது. சிரிக்கிறீர்கள். அன்று அமெரிக்காவிலும் சிரித்தார்கள். ஆனால் கூடவே வந்த இன்னொரு வரி சிரிப்பதற்கு உரியதாக இல்லை: காக்ஸ் இனிமேல் எந்த நாடாவையும் ஆவணத்தையும் நீதிமன்றம் மூலம் கேட்கக்கூடாது.

அக்டோபர் 20, சனிக்கிழமை. மதியம் ஒரு மணிக்குப் பத்திரிகையாளர் மன்றத்தில் காக்ஸ் உட்கார்ந்தார். மனைவியும் கூட வந்திருந்தார். தொலைக்காட்சி நேரடியாகக் காட்டியது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: அவர் முழங்கவில்லை. வகுப்பு எடுக்கிற மாதிரிப் பேசினார். நான் பிடிவாதக்காரனாகிவிட்டேனோ, தலைக்கனம் ஏறிவிட்டதோ என்று எனக்கே கவலையாக இருக்கிறது என்ற பொருளில் ஆரம்பித்தார். அதிபரை வீழ்த்துவது என் வேலை இல்லை என்றார். பிறகு, நீதிமன்ற உத்தரவு என்றால் என்ன, அதை அரைகுறையாக நிறைவேற்ற ஒப்புக்கொண்டால் நாளைக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் என்ன கேட்பான் என்று பொறுமையாக விளக்கினார். முஷ்டியை உயர்த்தாத, கண் கலங்காத ஒரு மனிதரை ஒரு நாடு முழுக்க உட்கார்ந்து பார்த்தது.

மாலையில் காரியங்கள் வேகமெடுத்தன. காக்ஸை நீக்கு என்று ரிச்சர்ட்ஸனுக்கு உத்தரவு. கொடுத்த வாக்கை மீற முடியாது என்று அவர் பதவி விலகினார். அடுத்த நிலையில் இருந்தவர் வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸ். அவரும் மாட்டேன் என்றார், அவரும் போனார். மூன்றாவது, சொலிசிட்டர் ஜெனரல் ராபர்ட் போர்க். இப்படியே எல்லோரும் விலகிக்கொண்டே போனால் துறையை நடத்த ஆளிருக்காது என்று விலகிய இருவருமே அவரிடம் சொன்னதாகப் பின்னாளில் தெரிந்தது. போர்க் கையெழுத்துப் போட்டார். இரவு 8.25க்கு வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் அறிவித்தார். கொஞ்ச நேரத்தில் எஃப்.பி.ஐ. ஆட்கள் காக்ஸின் அலுவலக வாசலில் நின்றார்கள். உள்ளே வேலை பார்ப்பவர்கள் தங்கள் மேஜையிலிருந்து ஒரு தாளைக்கூட எடுத்துப் போக முடியவில்லை.

பத்திரிகைகள் அதற்குச் 'சனிக்கிழமை இரவுப் படுகொலை' என்று பெயர் வைத்தன. பெயர் வைத்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் சனிப் பிணம் தனிப் போகாது என்று நம் ஊரில் பாடையோடு ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவார்கள் அல்லவா? அன்று ஒரே இரவில் மூன்று பேர். நான்காவதாகப் போனவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

தந்திக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் தந்தி நிறுவனத்தின் கம்பிகள் திணறிவிட்டன. வெள்ளை மாளிகைக்கு எதிரே சாலையோரத்தில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்: பதவிநீக்கம் வேண்டுமென்றால் ஹாரன் அடியுங்கள். வாஷிங்டன் கார்கள் அடித்துக்கொண்டே போயின. கட்சி சாராத வழக்குரைஞர் சங்கத்தின் தலைவரே கண்டித்தார். முந்தைய ஆண்டு 49 மாநிலங்களைக் கொடுத்த அதே மக்கள். நிக்ஸனுக்கு வாக்களித்தவர்களும் தந்தி அனுப்பியவர்களில் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு உதைக்கிறது.

இந்த இடத்தில் மாணவர்கள் கை தட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். தட்டாதது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் அதே நாட்டில் உண்டு.

1951 ஏப்ரல் 11 அன்று அதிபர் ட்ரூமன், கொரியப் போரில் தலைமை தாங்கிய தளபதி டக்ளஸ் மெக்ஆர்தரை நீக்கினார். அப்போதும் தந்திகள் குவிந்தன. அப்போதும் பதவிநீக்கக் குரல் எழுந்தது. நியூயார்க்கில் மாடிகளிலிருந்து காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்ட, லட்சக்கணக்கானோர் நின்று அவரை வரவேற்றார்கள். காக்ஸுக்கு யாரும் அப்படி ஊர்வலம் நடத்தியதில்லை. ஆனால் போரை எவ்வளவு தூரம் கொண்டுபோவது என்பதை மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் முடிவு செய்வதா, சீருடை போட்டவர் முடிவு செய்வதா என்ற கேள்வியில் ட்ரூமன் பக்கம்தான் நியாயம் இருந்தது. முப்படைத் தளபதிகளே நீக்கத்தை ஆதரித்தார்கள். செனட் விசாரணை சில வாரம் நடந்ததும் ஆரவாரம் அடங்கிப்போயிற்று.

ஆகவே கூட்டத்தின் நீளத்தைப் பார்த்து ஓர் அதிகாரியின் நியாயத்தை அளக்க முடியாது. நம் ஊரில் இது இன்னும் சிக்கல். சினிமா நமக்கு ஒரு போலீஸ் அதிகாரியைப் பழக்கி வைத்திருக்கிறது. அவர் கோர்ட்டுக்குப் போக மாட்டார்; சுட்டுவிடுவார்; அரசியல்வாதி அவரை மாற்றுவான்; ஊரே திரளும். அந்தக் கைதட்டலில் எனக்குப் பங்கில்லை. சட்டத்தை மீறியவரை மேலிடம் நீக்கினாலும், நீக்கியவரின் நோக்கம் அழுக்காகவே இருந்தாலும், நீக்கப்பட்டவர் அதனால் புனிதராகிவிட மாட்டார்.

அப்படியானால் காக்ஸுக்கும் மெக்ஆர்தருக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு கூட்டமும் என்ன கேட்டன என்று பார்க்கிறேன். 1951இல் கூட்டம் ஒரு மனிதரைக் கேட்டது. 1973இல் காக்ஸைத் திருப்பிக் கொடு என்பது பிரதானக் கோரிக்கையாகவே இல்லை. நாடாவைக் கொடு, விசாரணையை நடத்து, இல்லையென்றால் நீ இறங்கு. அதற்குக் காரணம் காக்ஸேதான் என்பது என் எண்ணம். வேலை போனதும் அவர் விட்ட அறிக்கை ஒரே வாக்கியம். நாடு சட்டத்தால் ஆளப்படுமா, ஆட்களால் ஆளப்படுமா என்பதை இனி நாடாளுமன்றமும் கடைசியில் மக்களும்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். என் அப்பா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். தந்திக்குத் தேவையானது உள்ளடக்கம் மட்டுமா, விலாசமும் வேண்டுமே. காக்ஸ் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். மக்கள் அந்த விலாசத்துக்கு அனுப்பினார்கள். தந்திகள் தெருவில் கரையாமல், வாக்குக் கேட்டு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரவேண்டிய உறுப்பினர்களின் மேஜையில் போய் விழுந்தன.

விளைவு மூன்றே நாளில் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை நிக்ஸனின் வழக்குரைஞர் சிரிக்காவின் நீதிமன்றத்தில் எழுந்து, நாடாக்களைத் தருகிறோம் என்றார். அதே நாளில் நாடாளுமன்றத்தில் பதவிநீக்கத் தீர்மானங்கள் வரிசையாக வந்தன. நவம்பர் 1 அன்று புதிய சிறப்பு அரசு வழக்குரைஞராக லியோன் ஜவோர்ஸ்கி அறிவிக்கப்பட்டார். காக்ஸ் திரட்டிய இளம் வழக்குரைஞர்கள் பெரும்பாலும் அங்கேயே தொடர்ந்தார்கள். நாடாக்களில் ஒன்றில் பதினெட்டரை நிமிடம் வெறும் இரைச்சல் என்பது அப்புறம் தெரிந்தது. அது தனிக் கதை.

சட்ட மாணவர்கள் இப்போது சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள், இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஜவோர்ஸ்கியை நியமித்தபோது விதி புதிதாக எழுதப்பட்டது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் குறிப்பிட்ட தலைவர்கள் எட்டுப் பேரிடம் கலந்து, அவர்களின் பொது இசைவு இல்லாமல் அதிபர் அவரை நீக்க முடியாது. எழுதிக் கையெழுத்திட்டவர் வேறு யாருமில்லை, காக்ஸை நீக்கிய அதே போர்க். நாலரை லட்சம் தந்தி சுருங்கி, துறை விதியில் ஒரு வரியாயிற்று. அடுத்த ஆண்டு ஜவோர்ஸ்கி மேலும் நாடாக்களைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். நிக்ஸன் தரப்பு எழுப்பிய ஒரு வாதம் கெட்டிக்காரத்தனமானது: அரசு வழக்குரைஞரும் அரசு, அதிபரும் அரசு, ஒரே வீட்டுச் சண்டையை நீதிமன்றம் எப்படி விசாரிக்கலாம்? நீதிமன்றம் அந்த ஒரு வரியைக் கையில் எடுத்தது. விதி நடப்பில் இருக்கிறது, அதை ரத்து செய்யாதவரை அரசும் அதற்குக் கட்டுப்பட்டதே என்றது. 1974 ஜூலை 24, எட்டுக்கு பூஜ்யம். அந்த எட்டு நீதிபதிகளில் மூவர் நிக்ஸனே நியமித்தவர்கள். மூன்று நாள் கழித்து, நாடாளுமன்றக் குழு முதல் பதவிநீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றியது. அன்றும் சனிக்கிழமை. ஆகஸ்ட் 9 அன்று நிக்ஸன் பதவி விலகினார். அந்த நாலாவது ஆள் அவர்தான்.

காக்ஸ் திரும்பி வந்தாரா? வரவில்லை. அவரை நீக்கியது சட்டவிரோதம் என்று 1973 நவம்பர் 14 அன்று கெர்ஹார்ட் கெசெல் என்ற நீதிபதி தீர்ப்பே சொன்னார். அந்த வழக்கைப் போட்டது காக்ஸ் அல்ல. ரால்ஃப் நேடர் என்பவரும் சில நாடாளுமன்ற உறுப்பினர்களும். வேலையைத் திருப்பிக் கொடு என்று காக்ஸ் எந்தக் கோர்ட்டுக்கும் போகவில்லை. ஹார்வர்டுக்குப் போய்ப் பழையபடி பாடம் நடத்தினார்.

இதை நம் அனுபவத்தோடு ஒட்டிப் பார்க்கிறபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. கேரளத்தில் 2016இல் ஆட்சி மாறியதும் காவல்துறைத் தலைவர் டி.பி. சென்குமார் அந்தப் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். அவர் உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 ஏப்ரல் 24 அன்று பதவியைத் திரும்பப் பெற்றார். 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் காவல்துறைத் தலைவருக்கு இரண்டாண்டு உறுதி வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது அப்போது கைகொடுத்தது. பெரிய தீர்ப்புதான். ஆனால் அவர் ஜூன் இறுதியில் ஓய்வு பெற்றுவிட்டார். நாம் அதிகாரியை மீட்டோம். நாற்காலியை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அமெரிக்கர்கள் 1973இல் செய்தது தலைகீழ்.

அவர்களும் எப்போதும் அப்படிச் செய்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். காக்ஸ் சம்பவத்திலிருந்து பிறந்த 1978ஆம் ஆண்டுச் சட்டம், சுயேச்சையான வழக்குரைஞரை நியமிக்க வழி செய்தது. இருபது வருடத்தில் இரண்டு கட்சிகளும் அதனால் சூடுபட்டன. 1999இல் புதுப்பிக்காமல் இருவரும் சேர்ந்து அதைச் சாகவிட்டார்கள். 2017 மே 9 அன்று எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி நீக்கப்பட்டபோது ஆதரவு கட்சிக் கோட்டின்படி இரண்டாகப் பிளந்தது. அவரை அதுவரை திட்டியவர்கள் புகழ்ந்தார்கள், புகழ்ந்தவர்கள் திட்டினார்கள். எட்டாவது நாள், மே 17, ராபர்ட் முல்லர் சிறப்பு வழக்குரைஞரானார். காக்ஸ் உயிரோடு இருந்திருந்தால் அன்று அவருக்கு நூற்று ஐந்தாவது பிறந்தநாள். இதைத் தற்செயல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஜோசியம் எனக்குத் தெரியாது.

போர்க் பற்றி ஒரு வார்த்தை. 1987இல் அவர் பெயர் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டபோது செனட் 58க்கு 42 என்று நிராகரித்தது. அதற்கு அவருடைய சட்டக் கருத்துகள் முதல் காரணம். ஆனாலும் பதினான்கு வருடத்துக்கு முந்தைய அந்தக் கையெழுத்தை யாரும் மறந்திருக்கவில்லை.

காக்ஸ் 2004 மே 29 அன்று மெயின் மாநிலத்தில் தன் வீட்டில் காலமானார். 92 வயது. பட்டர்ஃபீல்டு நாடா ரகசியத்தைப் போட்டு உடைத்த அந்தச் செனட் குழுவில் தலைமை வழக்குரைஞராக இருந்தவர் சாமுவேல் டாஷ். வாஷிங்டனில் அவரும் அதே நாளில் இறந்துபோனார். இந்த உரைக்குத் தயாராகும்போது காலண்டரை எடுத்துப் பார்த்தேன். அது சனிக்கிழமை.